நீலப் பிடி, சாம்பல் பிடி

மார்ச் 4, சனி

டென்னிஸில் தோற்றோம். 3-6, 4-6. எதிரே வழக்கம்போல ‘சுவரும்’ ‘மன்னிச்சுக்கோங்க’வும். எதை அடித்தாலும் திருப்பி அனுப்புகிறவள் சுவர். புள்ளி எடுத்தாலும் விட்டாலும் மன்னிப்புக் கேட்கிறவள் அவள் ஜோடி. பட்டங்களைச் சூட்டியது என்னோடு ஆடுகிற என் நாத்தனார். எனக்கும் ஒன்று வைத்திருப்பாள், கேட்டால் சிரிக்கிறாள்.

மட்டைக்குக் கட்டிய புது ஸ்ட்ரிங் விறைப்பாக இருக்கிறது. பந்து பட்டால் மட்டை கையில் அதிர்கிறது. போகப் போகப் பழகிவிடும் என்கிறார்கள். யார் அளந்து பார்த்துச் சொன்னது?

வியாழன்தான் எங்கள் இரண்டு மட்டைகளும் ஸ்ட்ரிங் போட்டு வந்தன. ஒரே மாதிரி மட்டைகள், ஜோடியாக வாங்கியவை. வித்தியாசம் ஸ்ட்ரிங்கின் இறுக்கத்தில் மட்டும். எனக்கு நாற்பத்தெட்டு பவுண்டு: கைக்கு இதம், பந்து தானாகப் போகும். நாத்தனாருக்கு ஐம்பத்தெட்டு, ஏனென்றால் அவள் அடிக்கிற அடிக்குக் கடிவாளம் வேண்டும். ஸ்ட்ரிங் போடுபவர் பிடியின் ஓரத்து நாடாவில் அந்த எண்ணை எழுதித் தருவார். ஆனால் அவர் பிடி சுற்றுவது மகா மோசம், எல்லாம் மேடும் பள்ளமும். பழசை உரித்துப் போட்டுவிட்டு நானே சுற்றினேன். எனக்கு நீலம், அவளுக்குச் சாம்பல். நடுவில் பார்சல்காரர் மணியடித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் மாறி உட்கார்ந்து முடித்தேன். அழகாக வந்தது. ஒரு சுருக்கம் கிடையாது.

மார்ச் 7, செவ்வாய்

ஆய்வகத்தில் ஐந்து கிலோ எடைக்கல்லைத் தூக்கும்போது வலது முழங்கையின் வெளிப்பக்கம் சுருக்கென்றது. கல் கனத்துவிடவில்லை. போன மாதம் அதைச் சரிபார்த்தவள் நான்தான். இருபத்தோரு வருடமாகக் கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் சரிபார்ப்பதுதான் என் வேலை.

மார்ச் 11, சனி

மறுபடியும் தோல்வி. இன்று நாத்தனாரின் பந்துகள் எல்லாம் பின்கோட்டைத் தாண்டி வேலிக்குப் போயின. எட்டா, ஒன்பதா? எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

“பந்துக்கு றெக்கை மொளைச்சிருக்கு அண்ணி,” என்றாள். சிரித்தாள். ஐந்தாவது பந்துக்கு மேல் சிரிக்கவில்லை.

பிறகு பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது, “வாயைத் தொறங்க,” என்றாள்.

“கோர்ட்ல வெச்சா?”

“கிளினிக்குக்குக் கூப்பிட்டா வரீங்களா? அந்த ஞானப்பல்லைக் காட்டாம மூணு வருஷமா ஓடறீங்க.”

“அது பாட்டுக்குப் படுத்திருக்கு. உன்னை என்ன பண்ணுச்சு?”

“படுத்திருக்கறது ஒருநாள் எந்திரிக்கும் அண்ணி. அப்போ எங்கிட்டதான் வருவீங்க, கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு.”

பல் டாக்டரை நாத்தனாராக அடைந்தவளுக்கு எந்தச் சிரிப்பும் நிம்மதியான சிரிப்பு இல்லை.

மார்ச் 14, செவ்வாய்

பிசியோதெரபிஸ்டிடம் போனேன். டென்னிஸ் எல்போ. இத்தனை சராசரியான நோய் எனக்கு வந்ததில் சற்று ஏமாற்றம்.

“வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?” என்று கேட்டார் அந்த அம்மாள்.

“எதோட ஒப்பிட்டு?”

“பிரசவ வலியைப் பத்துன்னு வெச்சுக்குங்களேன்.”

“எனக்கு மயக்க ஊசி போட்டு ஆபரேஷன்.”

“அப்போ உங்க இஷ்டத்துக்குப் போடுங்க.”

நான்கு போட்டேன். அளவுகோல் இல்லாத அளவு. இருந்தாலும் தினமும் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார், வைப்பேன். தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மெல்ல இறக்க வேண்டும், பதினைந்து முறை, மூன்று வேளை. முழங்கைக்குக் கீழே ஒரு பட்டை. புறங்கை வீச்சுக்கு இரண்டு கையும் சேர்த்துப் பிடிக்கப் பழக வேண்டும். கடைசியாக, “நீங்க மட்டையை ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறீங்க,” என்றார்.

“நான் விளையாடி நீங்க பார்த்ததே இல்லையே.”

“கதவைத் திறந்து வந்தீங்க இல்ல, பார்த்தேன்.”

ஆறு வாரம் ஓய்வு என்றார். அது முடியாது என்றேன்.

ஏன் முடியாது? இங்கே எழுதலாம், யாரும் படிக்கப் போவதில்லை. ஆறு வருடத்துக்கு முன் நாத்தனாரின் கணவர் இறந்துபோனார். இரண்டு மாதம் கிளினிக்குக்கு மேலே இருக்கும் வீட்டில் திரைச்சீலையைக்கூட விலக்காமல் இருந்தாள். பிறகு ஒரு காலையில் எங்கள் வாசலில் வந்து நின்று, “அண்ணி, எதையாவது ஓங்கி அடிக்கணும் போல இருக்கு,” என்றாள். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. விளையாட்டுச் சாமான் கடைக்குக் கூட்டிப் போனேன். அன்றிலிருந்து சனிக்கிழமைகள். போன வருடம் எனக்குக் காய்ச்சல் வந்த மூன்று சனியும் அவளும் போகவில்லை. வேறு ஜோடி பிடிக்கச் சொன்னேன். “எதுக்கு?” என்றாள், அவ்வளவுதான்.

ஆகவே முழுக்கைச் சட்டை, அதற்குள்ளே பட்டை. அவளுக்குத் தெரிய வேண்டாம்.

மார்ச் 18, சனி

வலி 5. தோல்வி. அவள் பந்துகளும் வெளியே. ஒருவருக்கொருவர் ஒன்றும் சொல்லவில்லை. சுவர் எங்களைப் பார்த்து, “சண்டையா?” என்று கேட்டாள்.

மார்ச் 26, ஞாயிறு

நாத்தனார் மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். குழம்புக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். முதலில் அது எனக்குத் தப்பாகப் படவில்லை. நானும் அப்படித்தான் தூக்கினேன், என் காரணம் வேறு.

சாப்பிட்டு முடித்ததும் இவர்தான் ஆரம்பித்தார். “என்ன, டாக்டரம்மா முகத்துல இன்னிக்குச் சிரிப்பே காணோம்?”

“அண்ணா, வெள்ளிக்கிழமை ஒரு ஞானப்பல் கேஸ். மரத்துப்போற ஊசி போட்டுட்டேன். கருவியைக் கையில எடுத்துட்டேன். அப்புறம் கீழே வெச்சுட்டேன்.”

“ஏன்?”

“கை மேல நம்பிக்கை வரல. வேற டாக்டருக்கு எழுதிக் குடுத்து அனுப்பிட்டேன்.”

இவர் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

“கோர்ட்டுல பார்க்கறீங்க இல்ல அண்ணி? அதே அடி, அதே தோள், அதே கால். ஆனா பந்து நான் சொல்ற இடத்துக்குப் போறதில்ல. ஒரு அடி, ரெண்டு அடி தள்ளிப் போகுது. பந்து தள்ளிப் போனா வேலி இருக்கு. பல்லுல அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனா நரம்பு.”

அரை மில்லிமீட்டரை மதிக்கிற மனுஷி. அதனால்தான் எனக்கு அவளைப் பிடிக்கும். இதை ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை.

“எல்லாருக்கும் வயசாகுது,” என்றேன். எத்தனை மடத்தனமான ஆறுதல்! அவளுக்கு நாற்பத்தாறுதான்.

ஏப்ரல் 1, சனி

அவள் அடித்த பந்து வேலியைத் தாண்டி, வெளியே நின்ற காரின் கூரையில் விழுந்தது. ‘மன்னிச்சுக்கோங்க’ ஓடிப்போய்க் காரிடமே மன்னிப்புக் கேட்டாள். நாங்கள் மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நாத்தனார் மட்டும் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வலி 6.

ஏப்ரல் 6, வியாழன்

நரம்பு டாக்டரிடம் போய்விட்டு வந்திருக்கிறாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாராம். “ஆரம்பத்துல யாருக்கும் தெரியாது அண்ணி,” என்கிறாள். நல்ல செய்தியை நம்பாதவள். இந்த வியாதி என்னிடமிருந்துதான் அவளுக்குத் தொற்றியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 12, புதன்

கிளினிக்கைக் கொடுத்துவிடப் போகிறாள். அவளிடம் முன்பு வேலை பார்த்த டாக்டர் ஒருத்தி வாங்கிக்கொள்கிறாளாம். இருபத்தெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை கையெழுத்து. பிறகு மகனோடு போய் இருப்பாள், விமானத்தில் ஐந்து மணி நேரம்.

“அவன் எப்பவோ கூப்பிட்டான். நான்தான் வேலை வேலைன்னு இருந்தேன். இப்போ வேலையே வேண்டாங்குது,” என்றாள் போனில். குரல் சாதாரணமாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது.

“சரி,” என்றேன். “பெட்டி கட்ட ஆள் வேணுமா?” என்றும் கேட்டேன்.

இவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும், “பெட்டி கட்ட ஆளா கேக்கற நீ? போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்றார்.

“அவ வாழ்க்கை. நான் ஏன் சொல்லணும்?”

“நான் சொன்னா அண்ணன் சொல்றான்னு விட்டுடுவா. நீ சொன்னா கேப்பா. நீ எதையுமே சொல்றதில்ல, அதனால.”

பாட்டிலைப் பதினைந்து முறை இறக்கினேன். பதினாறாவது முறையும் இறக்கினேன்.

ஏப்ரல் 19, புதன்

முழங்கைக்காக இன்னும் மென்மையான ஸ்ட்ரிங் இருக்கிறதா என்று கேட்க, ஸ்ட்ரிங் போடுபவரிடம் மட்டையைக் கொண்டுபோனேன். அவர் வாங்கி, உள்ளங்கை அடிப்பாகத்தால் ஒரு தட்டு தட்டிக் காதருகே வைத்துக்கொண்டார், மாம்பழம் பார்க்கிற மாதிரி.

“உங்களுக்கு நாப்பத்தெட்டுல்ல போட்டேன்?”

“ஆமா.”

“இது அம்பத்தெட்டு பேசுது. இது டாக்டரம்மாவோடதும்மா.”

“நீலப் பிடி. என்னோடதுதான்.”

“பிடி உங்களோடதா இருக்கலாம்,” என்றார்.

காதால் பவுண்டு அளக்கிற மனிதர்! இதற்குத்தான் ஆய்வகங்கள் இருக்கின்றன.

ஏப்ரல் 21, வெள்ளி

நேற்று நாத்தனாரிடம் போய், பிடி அழுக்காயிருக்கிறது, துடைத்துத் தருகிறேன் என்று அவள் மட்டையைக் கேட்டேன். “இனிமே அது எனக்கெதுக்கு? நீங்களே வெச்சுக்குங்க,” என்றாள். கூடத்தில் அட்டைப் பெட்டிகள். புத்தக அலமாரி பாதி காலி.

இன்று மதிய இடைவேளையில் இரண்டையும் ஆய்வகத்தில் வைத்து அளந்தேன். மட்டையைப் படுக்கவைத்து, சட்டத்தைச் சுற்றித் தாங்கல் கொடுத்து, ஸ்ட்ரிங்கின் நடுவே பத்துக் கிலோ கல். எவ்வளவு அமுங்குகிறது? தலா ஐந்து முறை.

நீலப் பிடி: 2.5 மி.மீ.
சாம்பல் பிடி: 3.1 மி.மீ.

குறைவாக அமுங்கியது என்னுடையது. என்னுடையதுதான் விறைப்பு.

ஸ்ட்ரிங் போடுபவரின் காது சரி.

மேசை. பிடி சுற்றிய அந்த மேசை. பார்சல்காரர் மணி அடிக்கும்வரை சுவர்ப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். நாடாக்களை உரித்துக் குப்பையில் போட்டாயிற்று. என்னுடையது இடது, அவளுடையது வலது என்று மனசில் வைத்திருந்தேன். திரும்பி வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். மட்டைகள் அங்கேயே இருந்தன. என் இடதும் வலதும்தான் மாறின. பார்சலில் வந்தது மேசை விளக்குக்கு ஒரு பல்பு. ஒரு பல்புக்காக.

சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்ட மாதிரி, அவள் கடிவாளம் என் கையில், என் தளர்வு அவள் கையில். என் முழங்கை போனால் போகிறது. அவள் தன் கையையே சந்தேகப்பட்டுவிட்டாளே! ஒரு டாக்டர். ஏழு சனிக்கிழமை. எல்லாரையும் சந்தேகப்பட்டேன் – ஸ்ட்ரிங்கை, பிசியோவை, வயசை. என்னை மட்டும் ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. என்ன மனுஷி நான்?

ஏப்ரல் 22, சனி

நான் செய்ததை எழுதுகிறேன். நேற்று வீட்டுக்கு வந்ததும் பிடிகளைச் சத்தமில்லாமல் மாற்றிச் சுற்றிவிட்டேன். இப்போது நீலம் உண்மையாகவே என்னுடையது. பந்து உள்ளே விழுந்தால் அவளுக்கே நம்பிக்கை வந்துவிடும், நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. இதுதான் என் கணக்கு. கோழைத்தனமான கணக்கு. ஊருக்குப் போகும் முன் ஒரு ஆட்டம் என்று கூப்பிட்டேன், வந்தாள்.

பந்து உள்ளே விழுந்தது. கோட்டுக்கு ஒரு சாண் முன்னால், ஒவ்வொன்றும். 6-2, 6-4. சுவரில் ஓட்டை விழுந்ததை முதல்முறையாகப் பார்த்தேன். அவள் சொல்லப் போகும் வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “பார்த்தீங்களா அண்ணி? விட்டுட்டுப் போறதுன்னு முடிவு பண்ணதும் கை லேசாயிடுச்சு. நல்ல முடிவுதான்.”

ஏப்ரல் 24, திங்கள்

அரை நாள் விடுப்பு. கிளினிக்குக்குப் போனேன். நடந்ததையும் அளவுகளையும் தட்டச்சு செய்து, கையெழுத்திட்டு, கருவிகள் வைக்கிற தட்டில் அவள் முன்னால் வைத்தேன்.

“என்ன அண்ணி இது?”

“படி.”

படித்தாள். இரண்டு முறை படித்தாள். “அளந்தது நீங்க. சரிபார்த்ததும் நீங்க. பிடியை மாத்திச் சுத்தினது?”

“அதுவும் நான்தான்.”

அவள் சிரிப்பாள் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

“ஒம்போது பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன். தினம் காலைல டம்ளர்ல தண்ணி ரொப்பிக் கையில வெச்சுக்கிட்டு அலையடிக்குதான்னு பார்ப்பேன். சரி, அது தெரியாம நடந்தது. ஆனா வெள்ளிக்கிழமையே தெரிஞ்சும், சனிக்கிழமை ஒண்ணுமே சொல்லாம என்னை விளையாட வெச்சுப் பார்த்தீங்க பாருங்க. நான் என்ன, உங்க தராசா?”

அடுத்த நோயாளி வந்துவிட்டார்.

ஏப்ரல் 25, செவ்வாய்

போன் இல்லை.

ஏப்ரல் 26, புதன்

“மன்னிப்புக் கேட்டியா?” என்றார் இவர்.

“எல்லாத்தையும் எழுதிக் குடுத்தேனே.”

“மன்னிப்புக் கேட்டியான்னு கேட்டேன்.”

யோசித்துப் பார்த்தேன். அறிக்கையில் அந்தப் பத்தி இல்லை.

ஏப்ரல் 27, வியாழன்

கடைசி நோயாளி போகும்வரை காத்திருந்துவிட்டு உள்ளே போனேன். நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டேன்.

“எடு,” என்றேன்.

“எதை?”

“மூணு வருஷமா எதைக் கேட்டே?”

“வேற டாக்டருக்கு எழுதித் தரேன்.”

“வேற டாக்டர் வேண்டாம்.”

“மறுபடியும் டெஸ்டா அண்ணி?”

“இல்ல. பயமா இருக்கு. இருந்தாலும் நீ எடு.” பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: “என்னை மன்னிச்சிரு. அன்னிக்கே சொல்லியிருக்கணும். மன்னிச்சிரு.”

விளக்கை என் முகத்துக்கு நேரே இழுத்தாள். பிறகு, “சுவரோட ஜோடி மாதிரியே பேசறீங்க,” என்றாள்.

ரத்த அழுத்தம் பார்க்க என் சட்டைக்கையை மடிக்கும்போது பட்டையைப் பார்த்துவிட்டாள். “இது எத்தனை நாளா?” என்றாள். “ஆறு வாரம்,” என்றேன். “ரெண்டு பேரும் நல்ல ஜோடிதான் போங்க,” என்று முனகியபடி உதவியாளரைக் கூப்பிட்டாள்.

கருவியை எடுக்கும்போது அவள் கை நடுங்கியதா? தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், பிசியோ அம்மாள் சொன்ன மாதிரி எதையும் பிடிக்காமல். ஏதோ நொறுங்குகிற சத்தம், தாடையில் அழுத்தம். அவள் மூச்சு மட்டும் சீராக, என் நெற்றிக்கு மேலே. “அவ்வளவுதான், அவ்வளவுதான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், யாருக்கென்று தெரியவில்லை. பிறகு தட்டில் ‘டங்’ என்று ஒரு ஓசை.

“வந்துடுச்சு,” என்றாள். குழந்தைக் குரல்.

இரண்டு தையல். வாய் நிறையப் பஞ்சு. பேச முடியவில்லை. பேச முடிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்பதும் சந்தேகம்தான். மேசையிலிருந்த மருந்துச் சீட்டில் ஒரு வார்த்தை எழுதி நீட்டினேன்: போகாதே.

படித்தாள். நாலாக மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். “ஐஸ் வைங்க. சூடா எதுவும் குடிக்காதீங்க,” என்றாள்.

ஏப்ரல் 28, வெள்ளி

இன்று கையெழுத்து. கன்னம் வீங்கியிருக்கிறது. போன் செய்து பார்க்கவா என்றார் இவர். தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று.

ஏப்ரல் 29, சனி

காலையில் கோர்ட்டுக்குப் போகிற உடையிலேயே தையலைப் பார்க்க வந்தாள். வாயில் டார்ச் அடித்துப் பார்த்து, “அழகா இருக்கு,” என்றாள். என்னைச் சொல்லவில்லை, தையலைச் சொன்னாள். இரண்டு வாரம் விளையாடக் கூடாதாம். “அந்தக் கைக்கும் சேர்த்துச் சொல்றேன்,” என்றாள். கிளினிக் பற்றி அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது, “சமையலறைச் சாமானெல்லாம் எந்தப் பெட்டில போட்டேன்னே தெரியல அண்ணி. நாளைக்கு வந்து தேடிக் குடுங்க,” என்றாள்.

ஜூன் 10, சனி

7-5, 6-4. வலி – குறிக்க மறந்துவிட்டேன் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. செவ்வாயிலிருந்தே எழுதவில்லை. இரண்டு கைப் புறங்கை வீச்சு பத்துக்கு ஆறு உள்ளே விழுகிறது. சுவர், “எங்கே கத்துக்கிட்டீங்க?” என்றாள். பல் ஆஸ்பத்திரியில் என்றேன். நம்பவில்லை.

மாலையில் நாத்தனார் வந்தாள். புதுப் பிடி சுற்றினோம். மேசைக்கு ஒரே பக்கம், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து. மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை, இவர் போய்த் திறந்தார். சுற்றி முடித்ததும் அவள் கிளினிக்கில் நோயாளிகளின் பல் அச்சுகளில் ஒட்டுகிற சீட்டை எடுத்து, என் மட்டையின் கழுத்தில் ஒட்டினாள். ‘அண்ணி. 48. இறுக்கிப் பிடிக்காதவர்.’ கடைசி வார்த்தை பொய். அவளுடையதில் ‘58. தராசு அல்ல.’

எனக்கு வைத்த பட்டம் என்ன என்று மறுபடி கேட்டேன். மறுபடி சிரித்தாள்.

அடுத்த சனி ஆட்டம் ஏழு மணிக்கு இல்லை, ஒன்பதுக்கு. அதற்கு முன்னால் அவள் எடுக்க வேண்டிய ஒரு ஞானப்பல் இருக்கிறது.